துண்டு போட்ட கட்டில்

ஸ்பெயினில் சந்தியாகோ என்ற ஊர்வரை நடந்தே போகும் கிறிஸ்தவ யாத்திரை வழிக்குக் கமீனோ என்று பெயர். அதை நடந்துவிட்டு வந்தேன் என்று சொன்னால், அதைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் "எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்கிறார்கள். கேள்விப்பட்டவர்கள் "எங்கே தங்கினீங்க?" என்று கேட்கிறார்கள். இந்த இரண்டாவது கேள்வியில் ஒரு கொக்கி இருக்கிறது. ஊராட்சி விடுதியில், அடுக்குக் கட்டிலில், நாற்பது பேரோடு படுத்தோம் என்றால் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். தனி ரூம் போட்டுத் தங்கினோம், அதையும் பல ஊர்களில் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தோம் என்றால் "ஓ" என்று ஒரு சத்தம் வரும். அப்படியானால் அது சுற்றுலாதானே, யாத்திரை இல்லையே என்பது அந்த 'ஓ'வில் அடக்கம். வழி நெடுகவும் இதே பேச்சுதான். முதுகுப்பையை வேனில் அனுப்புகிறவரைச் சுமந்து நடப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார். ரூம் போட்டவரைப் போடாதவர் பார்ப்பார். கடைசி நூறு கிலோமீட்டர் சொச்சத்துக்கு மட்டும் சாரியா என்ற ஊரில் தொடங்கினவரை எல்லோரும் பார்ப்பார்கள்.

எனக்கு அந்த 'ஓ' ரொம்ப நாளாக உறுத்துகிறது. கோபமெல்லாம் இல்லை. அதில் பாதி நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். மீதிப் பாதி, பாஸ்போர்ட்டும் உடம்பும் வசதியாக அமைந்தவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிற பேச்சு. எந்தப் பாதி எது என்பதில்தான் சிக்கல்.

நடந்தது நானும் என் பெரிய அக்காவும். பிரான்ஸ் எல்லையில் சேன்-ஜான்-பியே-தெ-போர் என்ற ஊரில் தொடங்கி, பிரனீஸ் மலையைக் கடந்து, வட ஸ்பெயினின் குறுக்கே சந்தியாகோ பேராலயம் வரை போகும் 'பிரெஞ்சு வழி', ஏறத்தாழ 780 கிலோமீட்டர். அக்காவுக்கு 63 வயது. திருச்சியில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டுக்குச் சந்தியாகப்பர், அதாவது சந்தியாகோ ஊருக்குப் பெயர் தந்த புனித யாக்கோபு, புதியவர் அல்ல. சின்ன வயதில் அப்பா எங்களைத் தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். குதிரை மேல் வாளோடு இருக்கும் அந்தச் சாமியின் கல்லறை ஸ்பெயினில் இருக்கிறது, அதுவரை நடந்தே போகலாம் என்று தெரிந்த நாளிலிருந்து அக்காவுக்கு அந்த ஆசை.

நடப்பதும் அவளுக்குப் புதிதல்ல. ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் ஒவ்வொரு வருஷமும் காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடந்தவள். தஞ்சாவூர் தாண்டினால் வழியெல்லாம் பந்தல். மோர் கொடுப்பார்கள், சாம்பார் சாதம் கொடுப்பார்கள். இரவில் பள்ளிக்கூட வராந்தா, கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க் ஓரம் என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே துணியை விரித்துப் படுக்க வேண்டியதுதான். கமீனோவுக்கு ரூம் போட வேண்டும் என்று நான் சொன்னபோது அவள் சிரித்தே விட்டாள். "வேளாங்கண்ணிக்கு எவனாவது ரூம் போட்டுட்டு நடப்பானாடா?"

விசாவுக்கு ஒரு அட்டவணை

இந்தியப் பாஸ்போர்ட்டில் ஷெங்கன் விசா வாங்கினவர்களுக்குத் தெரியும். எத்தனை இரவு தங்கப்போகிறோமோ அத்தனை இரவுக்கும் தங்குமிடச் சான்று காட்ட வேண்டும். ஊர், தேதி, விடுதி, உறுதிப்படுத்திய தாள். பாரிஸ், ரோம் என்று சுற்றுகிறவர்களுக்கு இதில் சிரமம் இல்லை. நடக்கிறவன் என்ன செய்வான்? இன்ன தேதியில் எந்த ஊரில் இருப்பேன் என்பது என் குதிகாலுக்கும் வானிலைக்கும்தான் தெரியும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கமீனோவின் பழைய ஒழுங்குப்படி, ஊராட்சிகள் நடத்தும் அல்பெர்கேக்களில் (யாத்ரீகர் விடுதிகளில்) பெரும்பாலும் முன்பதிவே கிடையாது. முதலில் வருகிறவருக்கு முதல் கட்டில். பங்குக் கோயில்கள் நடத்தும் விடுதிகளிலும் அப்படித்தான். அதாவது 'உண்மையான' யாத்ரீகர் தங்க வேண்டிய இடம் எதுவோ, அது எந்தத் தாளையும் தராது. தாள் தருவது தனியார் அல்பெர்கேயும், பென்சியோன் என்கிற சின்னத் தங்கும் விடுதியும், ஓட்டலும்தான். ஜெர்மனியிலிருந்தோ கொரியாவிலிருந்தோ வருகிறவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, இருட்டும் இடத்தில் தங்கலாம். நாங்கள் கிளம்புவதற்கு முன்பே மொத்த வழிக்கும் ரூம் போட்டு, எக்செல் அட்டவணை தயாரித்து, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவரிடம் கொடுத்தோம். 'முன்பதிவு செய்யாமல் நடப்பதுதான் கமீனோ' என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்தக் கண்ணாடித் தடுப்பு ஞாபகம் வந்துவிடுகிறது.

அட்டவணையைப் பார்த்து அக்கா கேட்டது ஒன்றுதான். "இத்தனாந்தேதி ராத்திரி இந்த ஊர்ல தூங்குவேன்னு இப்பவே எழுதித் தரணுமா? அன்னைக்குக் கால் வலிச்சா?"

"ரத்து பண்ணிக்கலாம்க்கா. முக்கால்வாசி அப்படித்தான் போட்டிருக்கேன்."

"அப்போ இது பொய்யா?"

பொய் இல்லை, உத்தேசம் என்றேன். ஆசிரியையாக இருந்தவள், நம்பவில்லை.

தாழ்ப்பாள்

முதல் இரவு ரொன்செஸ்வாயெஸ். மலை ஏறி இறங்கி, மடத்தை ஒட்டிய பெரிய அல்பெர்கேயில் படுத்தோம். 180க்கும் மேற்பட்ட படுக்கைகள். பிரம்மாண்டமான பழைய கல் கட்டடம், உள்ளே சுத்தமான மரத் தடுப்புகள், அன்பான டச்சுத் தன்னார்வலர்கள். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் அக்கா அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. குறட்டை காரணமல்ல, குறட்டையில் அவளே யாருக்கும் சளைத்தவள் இல்லை. ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில் உடை மாற்றிக்கொண்டு, துண்டைக் கட்டிக்கொண்டு குளியலறைக்குப் போய்வருகிற இடத்தில் அவளுக்குக் கையைக் காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. ராத்திரி எழுந்து பாத்ரூம் போக, இருட்டில் முப்பது பேரின் செருப்பையும் பையையும் தாண்ட வேண்டும். அந்த வயதில் ஒரு தடவையோடு போகாது.

வேளாங்கண்ணி நடையில் நூறு பேரோடு படுத்தவள்தானே என்று நான் கேட்டேன். அங்கே பெண்கள் ஒரு பக்கம், சுற்றிலும் தெரிந்த முகங்கள், கட்டியிருந்த சேலையோடு படுப்பது. அது வேறு என்றாள். அடுத்து சுபிரியில் தனி ரூம். உள்ளே போனதும் அவள் முதலில் பார்த்தது கட்டிலையோ ஜன்னலையோ அல்ல, கதவைத்தான். தாழ்ப்பாளை ஒருமுறை போட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, "இது போதும்" என்றாள். தனி ரூம் என்றால் சொகுசு என்று பேசுகிறவர்கள் இந்தத் தாழ்ப்பாளைக் கணக்கில் எடுப்பதில்லை.

வசதி என்று பார்த்தாலும் பெரிய அரண்மனை ஒன்றும் இல்லை. பொது விடுதியில் ஒரு கட்டிலுக்குப் பத்து யூரோ போல ஆகும். தனியார் அல்பெர்கேயில் கொஞ்சம் கூடுதல். பென்சியோனில் இருவர் ரூமுக்கு 50, 60 யூரோ. சின்ன ஊர்களில் கீழே மதுக்கடை, மேலே நாலு ரூம், கட்டிலுக்கு மேலே ஒரு மாதா படம், ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடக் கொடி. அப்புறம், முன்பதிவு ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும். ஆறேழு யூரோ கொடுத்தால் பையை அடுத்த ஊருக்கு வேனில் அனுப்பலாம். ஆனால் அனுப்ப முகவரி வேண்டும். முகவரி வேண்டுமென்றால் ரூம் போட்டிருக்க வேண்டும். பொது விடுதிகளில் பல, வேனில் வரும் பையை வாங்குவதே இல்லை. பை காலையிலேயே போய் அடுத்த ஊரில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் கால் வலித்தாலும் மழை அடித்தாலும் அது இருக்கும் இடத்துக்கு நாம் போய்த்தான் ஆக வேண்டும்.

ரூம் போடாதவர்களின் பாடும் ஒன்றும் நிம்மதியில்லை. காலை ஐந்து மணிக்கே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று மடித்துக்கொண்டு கிளம்புவார்கள். கட்டில் பிடிக்கும் ஓட்டம். பதினொரு மணிக்கெல்லாம் பூட்டிய விடுதி வாசலில் பைகள் வரிசையாக நிற்கும், ஆள் நிழலில் உட்கார்ந்திருப்பார். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிற நமக்கு இது ஒன்றும் புதிதல்ல. ஆன்லைனில் போடுகிற துண்டு சத்தமில்லாத துண்டு, அவ்வளவுதான். ஒருவன் துண்டு போட்டால் அடுத்தவனுக்குப் பயம் வரும்; அவனும் போடுவான். 1985இல் சந்தியாகோ வந்து யாத்திரைச் சான்றிதழ் வாங்கினவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. அந்தக் காலத்தில் ஓ செப்ரெய்ரோ என்ற மலையூரின் பங்குத்தந்தை எலியாஸ் வாலிஞா, வழி தவறாமல் இருக்க மஞ்சள் பெயின்ட்டால் அம்புக்குறி போட்டுக்கொண்டே போனார். இன்றைக்கும் நாம் பின்தொடர்வது அந்த அம்புக்குறியைத்தான். 2024இல் எல்லா வழிகளிலுமாக வந்து சான்றிதழ் வாங்கியவர்கள் ஏறக்குறைய 5 லட்சம். வழி கண்டுபிடிக்கிற கஷ்டம் போய்விட்டது. கட்டில் கண்டுபிடிக்கிற கஷ்டம் வந்திருக்கிறது.

லொக்ரோஞோவில் கட்டின காசு

நாங்கள் போனது செப்டம்பர். லொக்ரோஞோவில் செப்டம்பர் 21ஐ ஒட்டி சான் மத்தேயோ திருவிழா. ரியோகா மதுவுக்குப் பேர் போன ஊர், திராட்சை அறுவடைக் கொண்டாட்டம் வேறு. அந்த வாரம் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்கள் அட்டவணைப்படி சரியாக அந்த வாரத்தில்தான் அங்கே போய்ச் சேருகிறோம். கிடைத்த ஒரே இடம் ஒரு சின்னப் பென்சியோன், 95 யூரோ, முன்பணம், திருப்பித் தரப்படாது. ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல். அக்காவிடம் விலையைச் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் அவள் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாது.

லோஸ் ஆர்கோஸிலிருந்து லொக்ரோஞோ 28 கிலோமீட்டர். காலையில் எழுந்தபோதே அக்காவின் வலது முழங்கால் வீங்கியிருந்தது. தொர்ரெஸ் தெல் ரியோவில் எண்கோண வடிவில் ஒரு சின்னப் பழங்காலக் கோயில் இருக்கிறது. அதன் நிழலில் உட்கார்ந்து, இங்கேயே தங்கிவிடலாமா என்றேன். "அங்க ஒன்பதாயிரம் கட்டியிருக்கோம். எந்திரி." அதற்குப் பிறகு வியானா வரை பத்து கிலோமீட்டருக்கு மேல் ஊரே கிடையாது. ஏறி ஏறி இறங்கும் பாதை. இறக்கங்களில் அவள் பக்கவாட்டாகத் திரும்பி, இரண்டு கோலையும் முன்னால் ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்குவது மாதிரி இறங்கினாள். ஏற்றத்தில் ஜபமாலை சொன்னாள், இறக்கத்தில் ஒன்றும் சொல்லவில்லை.

வியானாவில் சாந்தா மரியா கோயில் வாசலில் ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்தோம். செசாரே போர்ஜியா 1507இல் இந்த ஊருக்கு வெளியேதான் கொல்லப்பட்டான். கோயில் வாசலில் அவன் பெயர் பொறித்த கல் இருக்கிறது. போப்பாண்டவரின் மகன், பெரிய அட்டகாசக்காரன். அதை அக்காவுக்குச் சொல்லி அவள் கவனத்தைத் திருப்பப் பார்த்தேன். அவள் கேட்கவே இல்லை. கிரேப் பேண்டேஜைப் பிரித்து, மடியில் வைத்து உருளையாகச் சுற்றி, மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். பேண்டேஜ் அழுத்தியிருந்த இடத்தில் தோல் வரிவரியாகப் பதிந்திருந்தது.

"டாக்ஸி பிடிக்கட்டுமா? பத்தே கிலோமீட்டர்தான்."

"கார்ல போறதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?"

"அப்போ இங்கயே இருப்போம்."

"காசு?"

மூன்றில் ஏதாவது ஒன்றைத்தான் விட முடியும். காலை விட முடியாது, நடையை அவள் விட மாட்டாள். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பேண்டேஜின் கிளிப்பைக் குத்திவிட்டுச் சொன்னாள்: "போகட்டும்டா. காசுதானே கட்டினோம், காலையா எழுதிக் குடுத்தோம்?"

கோயிலை ஒட்டியே பங்கு விடுதி. கட்டில் இல்லை, தரையில் மெத்தைகள், நெருக்கமாக. கட்டணமும் இல்லை, காணிக்கைப் பெட்டிதான். தாழ்ப்பாளுக்கு வாய்ப்பே இல்லை. கதவைத் திறந்த தன்னார்வலர் அக்காவின் முழங்காலைப் பார்த்தார், எங்கள் யாத்ரீகர் அட்டையில் முத்திரை குத்தினார், சுவரோரம் இருந்த மெத்தையைக் காட்டினார். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கையால் சைகை காட்டினார். ரூம் இருக்கிறதா, பெயர் பதிந்திருக்கிறதா என்ற பேச்சே இல்லை.

அன்று மாலை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். லொக்ரோஞோ நிரம்பி வழிகிறது என்ற செய்தி வழியில் பரவி, பலர் வியானாவிலேயே நின்றுவிட்டிருந்தார்கள். எனக்கு அந்தக் காலி ரூம் உறுத்தியது. அங்கே கட்டில் இல்லாமல் ஆட்கள் அலைகிறார்கள், எங்கள் ரூம் பூட்டிக் கிடக்கிறது. என் ஸ்பானிஷ் காபி வாங்கத்தான் போதும் என்பதால் தன்னார்வலரிடம் சொன்னேன். நாங்கள் வரவில்லை, காசு திரும்ப வேண்டாம், வாசலுக்கு வருகிற யாராவது யாத்ரீகருக்கு அந்த ரூமைக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் போனில் பேசினார். கொஞ்சம் கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே போனை வைத்தார். ரொம்ப நன்றி சொன்னார்களாம். ரூம் கேட்டு ஏற்கெனவே இரண்டு பேர் நிற்கிறார்களாம், அவர்களுக்கே வாடகைக்கு விட்டுவிடுகிறார்களாம்.

"ரெண்டு வாடகையா?" என்றாள் அக்கா. "நம்ம காசுல ஒருத்தர் படுக்கிறார்னுல்ல நெனச்சேன்?"

பென்சியோன்காரரைக் குறை சொல்ல முடியாது. திருப்பித் தரப்படாது என்றுதான் போட்டிருந்தது. ரூமை என்ன செய்ய வேண்டும் என்று போடவில்லை. சத்திரக்காரர்கள் மீதான புகாருக்கும் இந்த வழியின் வயதுதான். சந்தியாகோ யாத்திரையைப் பற்றிய 12ஆம் நூற்றாண்டுக் கலிக்ஸ்டைன் சுவடியிலேயே ஒரு பிரசங்கம் அவர்களை வறுத்தெடுக்கிறது: நல்ல மதுவை ருசி பார்க்கக் கொடுத்துவிட்டு மட்டமானதை விற்கிறார்கள், அளவில் ஏமாற்றுகிறார்கள் என்று. அதோடு ஒப்பிட்டால் எங்களுக்கு நடந்தது ஒன்றுமே இல்லை.

இரவு எல்லோரும் சேர்ந்து சமையல். பருப்பு சூப், ரொட்டி, சாலட். அக்காவிடம் வெங்காயமும் பலகையும் கொடுத்தார்கள். அருவாமனை இல்லாத குறைக்கு அவள் வெங்காயத்தை உள்ளங்கையில் வைத்தே கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி நறுக்கினாள். பலகை சும்மா கிடந்தது. ஒரு இத்தாலியப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள், ஒரு போலந்துக்காரர் வீடியோ எடுத்தார். சாப்பிடுவதற்கு முன் தன்னார்வலர் ஒன்று சொன்னார். இந்த மாதிரி விடுதிகளில் வழக்கமாகச் சொல்வதுதான். இப்போது சாப்பிடுவது நேற்றுத் தங்கினவர்கள் பெட்டியில் போட்ட காசு. நாளைக்கு வருகிறவர்கள் சாப்பிடப்போவது நீங்கள் போடுவது. அக்காவுக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். "வேளாங்கண்ணிப் பந்தல் மாதிரிதான்" என்றாள், அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லாதது போல.

ஆனால் எனக்கு அங்கேதான் ஏதோ பிடிபட்டது. லொக்ரோஞோவில் 95 யூரோ கட்டினபோது நாளைய எனக்காக இன்றே கட்டினேன். நாளைய நான் வரவில்லை, காசும் போயிற்று, இடமும் யாருக்கும் சும்மா கிடைக்கவில்லை. இங்கே பெட்டியில் போடுவது எனக்காக இல்லவே இல்லை. யார் என்றே தெரியாத ஒருவருக்கு. எனக்குப் போட்டவரும் நேற்றே கிளம்பிப் போய்விட்டார். அந்த 'ஓ' போடுகிறவர்கள் கட்டில் மெத்தென்று இருந்ததா, குளியலறை தனியாக இருந்ததா என்று பார்க்கிறார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. ரூம் போட்ட இரவுகளில் நான் யாருக்கும் கடன்படவில்லை, எனக்கும் யாரும் கடன்படவில்லை. அவர்கள் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது என்று சொன்னேனே, அது இதுதான்.

மறு பாதியையும் சொல்ல வேண்டும். அந்த மெத்தைத் தரையில் ஒரு இருபது பேர் படுக்கலாம். ஐந்து லட்சம் பேரையும் தரையில் படுக்கச் சொல்ல முடியாது. ரூமுக்குக் காசு கொடுக்க முடிந்தவர் ரூமுக்குப் போனால்தான் முடியாதவருக்குத் தரையில் இடம் மிஞ்சும். அன்று இரவு ஒன்பது மணிக்கு மேல் வந்த இரண்டு இளைஞர்களுக்கு மெத்தை இல்லை. மூலையில் யோகா விரிப்புகளைப் போட்டுக் கொடுத்தார்கள். எங்களால் இரண்டு மெத்தை போய்விட்டதே என்று அக்காவுக்குச் சங்கடம்தான். அந்தச் சங்கடத்திலும் குறட்டை விட்டுத் தூங்கினாள்.

மதியம் ஒரு மணிக்கு

அதற்குப் பிறகு அட்டவணையை மூட்டை கட்டி வைத்துவிட்டோம். போட்டு வைத்திருந்த ரூம்களை உட்கார்ந்து ஒவ்வொன்றாக ரத்து செய்தேன். புதிய வழக்கம் இதுதான்: காலையில் எங்கேயும் சொல்லாமல் கிளம்புவது. மதியம் ஒரு மணி வாக்கில் ஏதாவது மதுக்கடை வாசலில் உட்கார்ந்து தடித்த ஆம்லெட் மாதிரி இருக்கும் அந்த உருளைக்கிழங்கு தொர்தீயாவைச் சாப்பிட்டுக்கொண்டே முழங்காலைப் பார்ப்பது. அது எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்த பிறகு அந்த ஊருக்குப் போன் போடுவது. பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போதும். தூரத்தைக் கால் முடிவு செய்தது, ரூம் அதற்குப் பின்னால் வந்தது. மெசேதா சமவெளியில் இது நன்றாகவே நடந்தது. ஒரே ஒரு இடம்தான் மிரட்டல்: காரியோன் தெ லோஸ் கோந்தெஸைத் தாண்டினால் 17 கிலோமீட்டருக்கு ஊரும் இல்லை, நிழலும் இல்லை. அங்கே மட்டும் முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்.

நடுவில் கிரான்யோனில் இன்னொரு முறை தரையில் படுத்தோம், இம்முறை அக்காவே கேட்டு. கோயில் கோபுரத்துக்குள் ஏறிப் போக வேண்டிய விடுதி அது. காணிக்கைப் பெட்டி மூடியில்லாமல் திறந்தே இருக்கும். முடிந்ததைப் போடு, தேவையானதை எடு என்று எழுதியிருக்கும். அக்கா அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். யாராவது எடுத்திருப்பார்களா என்பது அவள் கவலை. எடுக்கத்தானே திறந்து வைத்திருக்கிறார்கள் என்றேன். மறுநாள் தாழ்ப்பாள் உள்ள ரூம் என்பது அவள் நிபந்தனை.

மெசேதாவில் ஒரு சின்ன ஊரில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு அம்மாள் தன் வீட்டு மாடியில் ஆறேழு ரூம் வைத்து நடத்துகிறார். மேசையில் கட்டம் போட்ட பள்ளிக்கூட நோட்டு, பென்சிலால் பெயர்கள். வந்தவர் பெயருக்கு நேரே ஒரு டிக். மாலை ஆறு மணி ஆகியும் நாலு பெயருக்கு நேரே டிக் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. அந்த நாலு பேரை நம்பி மதியத்திலிருந்து வந்தவர்களை எல்லாம் இடமில்லை என்று அனுப்பியிருக்கிறார். கடைசியில் ரப்பரை எடுத்து அந்தப் பெயர்களை அழித்தார். அழித்த தூளை விரலால் தட்டிவிட்டார். இவரைப் போன்றவர்கள் கார்டு எண் கேட்பதில்லை, முன்பணம் வாங்குவதில்லை. அதனால்தான் இரண்டு மூன்று ஊர்களில் சேர்த்துப் போட்டுவைத்து, பிடித்த இடத்தில் தங்கிவிட்டு, மற்ற இடத்துக்கு ஒரு செய்திகூட அனுப்பாமல் இருப்பவர்கள் இவரிடம் வந்து சேருகிறார்கள். கமீனோவில் யாரைப் பார்த்தாவது 'ஓ' போட வேண்டும் என்றால் நான் இவர்களைப் பார்த்துத்தான் போடுவேன்.

சாரியாவில் எல்லாம் மாறிவிட்டது. சான்றிதழுக்குக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தால் போதும் என்பதால் மற்ற எந்த ஊரையும்விட அங்கேதான் அதிகம் பேர் தொடங்குகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். மதியம் ஒரு மணி வழக்கம் அங்கே எடுபடவில்லை. மறுபடி சந்தியாகோ வரை எல்லா இரவுக்கும் ரூம் போட்டேன், அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. 2027இல் சந்தியாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமை வருகிறது, அதனால் புனித ஆண்டு; கூட்டம் இன்னும் கூடும். அந்த வருஷம் போகிறவர்கள் சாரியாவுக்குப் பிறகு ரூம் போடாமல் இறங்க வேண்டாம். கொள்கையை அதற்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சந்தியாகோவில் பேராலயச் சதுக்கத்தின் ஒரு பக்கம் முழுக்க ஒரு பழைய கட்டடம். ஸ்பெயினின் கத்தோலிக்க அரசரும் அரசியும் 1499இல் யாத்ரீகர்களுக்கென்று கட்ட உத்தரவிட்ட மருத்துவ விடுதி. இன்று அது ஐந்து நட்சத்திர ஓட்டல். அக்கா வாடகையைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். லொக்ரோஞோவைப் பற்றி இனிமேல் பேச மாட்டேன் என்றாள். பழைய வழக்கத்தின் மிச்சமாக ஒவ்வொரு நாளும் முதலில் வரும் பத்து யாத்ரீகர்களுக்கு அங்கே இலவசச் சாப்பாடு உண்டு. அதற்கு விடியும் முன்பே போய் வரிசையில் நிற்க வேண்டும் என்றதும், "இதுக்கும் ஓடணுமா?" என்று விட்டுவிட்டாள்.

2027க்குப் போவோமா என்று போன மாதம் கேட்டேன். நடக்க வர மாட்டாளாம். பங்கு விடுதிகளில் தன்னார்வலராக இருப்பவர்கள் பெரும்பாலும் பதினைந்து நாள் முறை வைத்து வந்து போகிறவர்கள். முன்னால் கமீனோ நடந்திருக்க வேண்டும், ஒரு சின்னப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும். இதையெல்லாம் என்னிடம் அப்போதே கேட்டு வைத்திருக்கிறாள். ஸ்பானிஷ் கொஞ்சமாவது வேண்டும் என்றேன். இப்போது செல்போனில் படிக்கிறாள். வினைச்சொற்களைப் பார்த்து எரிச்சலாக இருக்கிறதாம், தமிழ் இலக்கணம் எவ்வளவோ மேல் என்கிறாள். நேற்றுக் கூப்பிட்டுக் கேட்டது வேறு. விசாவுக்குத் தங்குமிடச் சான்று வேண்டுமே, தரையில் மெத்தை போட்ட இடத்துக்குக் கடிதம் கொடுப்பார்களா, இல்லை அதற்கும் ஒரு ஓட்டலில் ரூம் போட்டுக் காட்ட வேண்டுமா என்று. விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.